தாளின் பின்பக்கம்

ஒன்பதரைக்கு வந்து உட்கார்ந்தேன், இப்போது மணி பதினொன்று, இன்னும் ஒரு பேர் எழுதவில்லை. மேசை, மேசைமேல் பச்சைத் துணி, துணிமேல் ஒரு கட்டுத் தாள், தாள் பறக்காமலிருக்க ஒரு தண்ணீர் பாட்டில், அதற்குப் பின்னால் நான், தங்கபுஷ்பம், வயது ஐம்பத்தாறு, கழுத்தில் நீல நாடா, நாடாவில் தொங்குகிற அட்டையில் என் பேரும் 'சுகாதாரத் தூதர்' என்கிற எழுத்தும். எதிரே ஐம்பது நாற்காலி. ஐம்பதுக்கும் வெள்ளை உறை மாட்டி முதுகில் ரிப்பன் கட்டியிருக்கிறார்கள், கல்யாண வீடு மாதிரி. பொண்ணும் மாப்பிள்ளையும் முகூர்த்தத்துக்கு முன்னாலேயே தனித்தனியா ஓடிப்போன கல்யாண வீடு. சமுதாயக் கூடத்துக்கு வெளியே அந்த வண்டி நிற்கிறது, மாரைப் படம் பிடித்துக் கட்டி இருக்கிறதா என்று பார்க்கிற மிஷின் வண்டி, உள்ளே ஏசி ஓடுகிறது, டாக்டரம்மாவும் நர்சும் சும்மா இருக்கிறார்கள், டிரைவர் படியில் உட்கார்ந்து செல்போனைத் தேய்க்கிறான். ஒரு மணிக்கு வண்டி கிளம்பிவிடும். திரும்ப எப்போ தம்பி வரும் என்று கேட்டேன். "அடுத்த வருசம் பாக்கலாம்மா" என்றான் தலையைத் தூக்காமல். அடுத்த வருசமாம். கோயில் கொடை விழாவா இது, இந்த வருசம் விட்டால் அடுத்த வருசம் பார்த்துக்கொள்ள? ராசகிளியால் அடுத்த வருசம் வரைக்கும்... வேண்டாம். அதை இப்போது நினைக்க வேண்டாம். வாசலைப் பார்ப்போம். வாசலில் ஒரு ஆடு நிற்கிறது. ஆட்டுக்குக்கூட உள்ளே வர மனமில்லை.

ராசகிளி என் வீட்டுக்காரரின் தங்கச்சி. அடுத்த தெருவுதான். மூன்று வாரத்துக்கு முன்னால் குழாயடியில் எல்லாரும் போன பிறகு, குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "மைனி, ஒண்ணு காட்டுதேன், அண்ணங்கிட்டக்கூடச் சொல்லக்கூடாது" என்று என் கையைப் பிடித்து ரவிக்கைக்குள்ளே கொண்டுபோய் வைத்தாள். நெல்லிக்காய் அளவுக்கு இருந்தது. எனக்குத் தெரிவதற்கு முன்னால் என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் அப்படித்தானே இருந்தது, அதே பக்கம், கொஞ்சம் கீழே. வலிக்கா என்றேன். "வலிச்சா நான் எதுக்கு மைனி பயப்படப் போறேன், நெஞ்செரிச்சல்னு சோடா குடிச்சிருப்பேன்" என்று சிரித்தாள். வலிக்காததுதான் மோசம் என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை, அப்போதே கையைப் பிடித்து பஸ் ஏற்றியிருக்க வேண்டாமா, நான் என்ன சொன்னேன், பதினெட்டாம் தேதி வண்டி வருது, நான்தான் பேர் எழுதப் போறேன், முதல் பேரா உன் பேர எழுதுதேன், வந்துரு என்றேன். வாரேன் என்றாள். சத்தியமாக வாரேன் என்றாள். அது இந்தத் தாள் வருவதற்கு முந்தி.

இந்தத் தாள்தான். முன்பக்கம் ஒரு குறையும் இல்லை. பேர், வயசு, தெரு, எத்தனை பிள்ளை, கட்டி உண்டா, வீட்டில் யாருக்காவது உண்டா. பின்பக்கம் உறுதிமொழி. அதற்குக் கீழே கையெழுத்து அல்லது கைநாட்டு. அதில் நாலாவது வரி. புகையிலைப் பொருட்களைப் பயன்படுத்தவோ, விற்கவோ, தயாரிக்கவோ மாட்டேன். தயாரிக்கவோ. இந்த ஊரில். வாசலுக்கு வாசல் மடியில் சொளகை வைத்துக்கொண்டு, பீடி இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நுனியை மடக்கி, நூலைக் கட்டுகிற ஊரில். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சுற்றுகிறவள், சாவு வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவள், மழை பெய்தால் முதலில் இலைச் சாக்கை உள்ளே இழுத்துவிட்டு அப்புறம் பிள்ளையை இழுக்கிறவள், இவர்களிடம் போய்த் தயாரிக்க மாட்டேன் என்று கையெழுத்துக் கேட்கிறது இந்தத் தாள். யார் எழுதியது? சென்னையில் யாரோ எழுதினார்கள். யார் சரி என்று சொன்னது? நான்தான். பெனிட்டா மேடம், இந்த வண்டியைக் கொண்டுவந்த நிறுவனத்துப் பொண்ணு, நல்ல பொண்ணு, வீட்டுக்கே வந்து நீட்டினாள், படிச்சுப் பாத்துச் சொல்லுங்கம்மா, உங்க ஊருக்கு இது சரியா வருமான்னு. நான் மூணாங்கிளாஸ். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், விரலை வைத்து. பின்பக்கத்தில் இரண்டாவது வரிக்கு வந்திருப்பேன், அவள் மணியைப் பார்த்தாள், பார்த்ததை நான் பார்த்தேன், உடனே விரலை எடுத்துவிட்டு, "நல்லா இருக்கு மேடம்" என்றேன். இன்னும் இரண்டு வரி. இரண்டே வரி. செத்த நேரம் பொறுங்க மேடம், நான் மெதுவாத்தான் படிப்பேன் என்று சொல்வதற்கு என்ன வந்தது எனக்கு? நாக்கு அழுகியா போச்சு? ஆபரேஷன் மேசையில் வெட்கப்படாதவள் ஒரு தாளுக்கு வெட்கப்பட்டேன். எங்கள் தெருக் கோமுவின் மருமகள் பி.காம் படித்தவள், அவள் தாளை வாங்கி ஒரே மூச்சில் வாசித்துவிட்டாள், பொழுது சாயுமுன்னே ஊரெல்லாம் பரவிவிட்டது, தங்கபுஷ்பம் கொண்டுவந்த தாளில் கையெழுத்துப் போட்டால் பீடிக் கார்டை ரத்து பண்ணிருவாவளாம். கார்டு போனால் பீடித் தொழிலாளிக்கு அரசாங்கம் தருகிற ஆஸ்பத்திரி போச்சு, பிள்ளைகளுக்கு வருகிற படிப்புப் பணம் போச்சு. ராசகிளியின் மகள் அந்தப் பணத்தில்தான் காலேஜில் இருக்கிறாள். அப்படியெல்லாம் ரத்து பண்ண மாட்டாவ என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "மாட்டாவன்னா எதுக்கு எழுதியிருக்கு?" என்று கேட்டார்கள். எதுக்கு எழுதியிருக்கு? இதற்கு மூன்று நாள் பயிற்சியில் பதில் சொல்லித் தரவில்லை.

பயிற்சியைக் குறை சொல்ல மாட்டேன். திருநெல்வேலியில் மூன்று நாள், ஒரு பெரிய ஹாலில், புற்றுநோய் வந்து பிழைத்தவர்கள் இருபது பேர். பெரியோர்களே தாய்மார்களே என்று ஆரம்பிக்காதீர்கள் என்றார்கள். உங்கள் கதையைச் சொல்லுங்கள், மூன்று நிமிசம், அழுதுவிட்டு நிறுத்திவிடாதீர்கள், கடைசியில் ஒரே ஒரு காரியம் கேளுங்கள், அதைக் கொடுக்கக் கூடியவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். ஒருத்தர் பஞ்சாயத்துத் தலைவராக நடிப்பார், காது குடைவார், கொட்டாவி விடுவார், நாங்கள் விடாமல் கேட்க வேண்டும். எனக்கு அது நன்றாக வந்தது, கைதட்டினார்கள், வாழ்க்கையில் எனக்கு யாரும் கைதட்டியதில்லை, சோறு நன்றாக இருந்தால்கூட இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து என்பார்களே தவிர. அந்தக் கைதட்டலில் மயங்கித்தான் எங்க ஊரப் புகையில்லா ஊரா ஆக்கிக் காட்டுதேன் என்று மைக்கில் சொன்னேன். நான் நினைத்தது பஸ் நிறுத்தத்தை. பால்வாடியை ஒட்டின நிழற்கூடம், ஆம்பளைகள் ஊதுகிற புகை நேரே பிள்ளைகள் சாப்பிடுகிற இடத்துக்குப் போகும். கேட்டேன், தலைவர் முகத்தைப் பார்த்தே கேட்டேன், நிஜத் தலைவரும் காது குடைந்தார், நாலு தடவை போனேன், ஐந்தாவது தடவை தீர்மானம் போட்டு போர்டு வைத்தார்கள். இங்கே புகை பிடிக்கக் கூடாது. இப்போது காற்றுக்கு அந்தப் போர்டு மறைவாக இருக்கிறதென்று அதற்கு அடியில் நின்றுதான் தீக்குச்சி உரசுகிறார்கள். கேட்டால், "மைனி, நீ சுத்துனத நான் பத்தவைக்கேன், இதுல ஒனக்கென்ன கோவம்" என்கிறான் ஒருத்தன். நான் சுற்றுவதை விட்டு இரண்டு வருசம் ஆகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு இடது கை வீங்கிவிட்டது, ஒரே வாக்கில் வைத்து வேலை செய்யக்கூடாது என்று இறுக்கமாக ஒரு உறை போட்டுவிட்டிருக்கிறார்கள், விரலிலிருந்து தோள் வரை. வெயிலுக்கு அது அரிக்கிறது. இப்போதும் அரிக்கிறது. சொறிய முடியாது. ஆனால் அவன் கேட்டது தப்பா? முப்பத்தெட்டு வருசம் சுற்றினேனே. அந்தப் பீடியெல்லாம் எங்கே போனது? வடக்கே போகுமாம், ரயிலில். எந்த ஊர்க்காரன் இழுத்தான்? இழுத்தவன் இருக்கிறானா?

பயிற்சியில் ஒரு ஆள் இருந்தார். தொண்டையில் ஓட்டை. ஓட்டையில் விரலை வைத்து மூடிக்கொண்டுதான் பேசுவார், தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல், பேர் ஆறுமுகநயினார், லாரி ஓட்டினவராம். மத்தியானச் சாப்பாட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு அப்பளம் எடுத்துக் கொடுத்தார். நீங்க என்ன பிடிப்பீங்கண்ணே, சிகரெட்டா பீடியா என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. பீடி என்று சொல்லிவிட்டால்? எந்தக் கம்பெனி என்று அடுத்தது கேட்க வேண்டி வருமே. நான் கேட்கவில்லை. அவர்தான் கேட்டார், விரலை ஓட்டையில் வைத்து, "நீங்க என்ன வேலைம்மா?" வீட்டு வேலை என்றேன். வீட்டு வேலை. பொய்யில்லை, வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலைதான். அப்பளத்தைத் தின்ன முடியவில்லை. இன்றைக்கும் எதையாவது நினைக்கப் போனால் அங்கே போய் இடறுகிறது மனசு. வீட்டு வேலை. அவரிடம் பொய் சொன்னேன், மேடத்திடம் நல்லா இருக்கு என்று பொய் சொன்னேன், ராசகிளியிடம் வலிக்காட்டா நல்லதுதான் என்று... இல்லை, அதைச் சொல்லவில்லை, ஆனால் சும்மா இருந்தேன், அதுவும் அதுதான்.

யாரோ வருகிறார்கள். கோமு. என் தெருக்காரி. உள்ளே வரவில்லை, வாசலில் நின்று தலையை மட்டும் நீட்டினாள். "யக்கா, கூட்டம் நெருக்கித் தள்ளுதோ? மூச்சு முட்டப் போவுது, பாத்து." ஏட்டி கோமு, வந்து ஒரு நிமிசம் உள்ள போயிட்டு வா, சட்டையக் கழத்துனா அஞ்சு நிமிச வேலை, பொம்பளை டாக்டர்தான் என்றேன். "சட்டையக் கழத்த பயமில்ல, பேனாவப் புடிக்கத்தான் பயம்" என்றாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "யக்கா, நீ கார்டு வச்சித்தான ஆஸ்பத்திரி போன. உனக்கு முடிஞ்சிட்டு. எங்களுக்கு இனிமேத்தான் என்னென்ன வரணுமோ வரணும். எங்கள விட்டுரு" என்று சொல்லிவிட்டு நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்தாள். "ரிப்பன் நல்லா இருக்கு." போய்விட்டாள். போளா. போ. கோபம் வருகிறது. யார்மேல் என்று தெரியாமல் வருகிறது. அவள் சொன்னதில் எந்த இடம் தப்பு? உனக்கு முடிஞ்சிட்டு. ஆமாம், முடிந்துவிட்டது, ஒரு பக்கம் தட்டையாகக் கிடக்கிறது, ரவிக்கைக்குள் துணி வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன், இந்த அட்டை நேராகத் தொங்க வேண்டும் என்று.

பெனிட்டா மேடம் கூடத்துக்குள் நடக்கிறாள், போன் பேசுகிறாள், வந்துருவாங்க சார், வந்துட்டே இருக்காங்க சார் என்கிறாள். யார் வந்துகொண்டே இருக்கிறார்கள்? ஆடு கூடப் போய்விட்டது. போனை வைத்ததும் என்னிடம் வந்தாள், முகமெல்லாம் வேர்வை. "என்னம்மா இது, நீங்க வீடு வீடா சொன்னீங்கதானே?" சொன்னேன் மேடம். சனிக்கிழமை வேண்டாம்னும் சொன்னேன், சனிக்கிழமை பீடிக் கடை ரெண்டு மணிக்கு அடைப்பு, அதுக்குள்ள சுத்தினதக் கொண்டு ஒப்படைக்கணும், குறைஞ்சா அடுத்த வாரத்துக்கு இலை தரமாட்டான் என்றேன். "வண்டி சனிக்கிழமைதான் கெடைச்சது" என்றாள். சரி, இந்தப் பின்பக்கத்தையாவது விட்டுருவோம் மேடம், முன்பக்கம் மட்டும் எழுதுதேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள், ஐம்பதில் ஒன்றுக்கு அப்படி ஆள் கிடைத்தது. "அம்மா, ரெண்டு பக்கமும் சேர்த்துத்தான் வண்டிக்கே அனுமதி தந்தாங்க. பின்பக்கம் இல்லாம அனுப்பினா எனக்கு வேலை இருக்காது. நீங்கதானம்மா சரின்னு சொன்னீங்க?" நான்தான். நான்தான் மேடம். முழுசாப் படிக்கல மேடம், ரெண்டு வரிதான் படிச்சேன் என்று சொல்லிவிட்டேன். எப்படி வெளியே வந்தது என்று தெரியவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். "நான் வாசிச்சுக் காட்டியிருக்கணும்" என்றாள் மெதுவாக. மணி பதினொன்றரை தாண்டிவிட்டது.

எழுந்தேன். கட்டிலிருந்து ஒரு தாளை உருவினேன், முன்பக்கம் ராசகிளி என்று எழுதினேன், வயசு நாற்பத்தாறு, பிள்ளை ஒன்று, கட்டி உண்டு. திருப்பினேன். பின்பக்கத்தில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரு கோடு, அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு ஒரு கோடு, பேனா கிழிக்கிற மாதிரி. கீழே என் பேரை எழுதினேன், அடித்தது நான், தங்கபுஷ்பம். "அம்மா, என்ன பண்றீங்க" என்றாள் மேடம், ஆனால் கையைப் பிடிக்கவில்லை. அடித்தது யார்னு கேட்டா என் பேரச் சொல்லுங்க, கீழ எழுதியிருக்கு என்று சொல்லிவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு நடந்தேன். வெயில். செருப்பைக் கூடத்து வாசலிலேயே விட்டுவிட்டேன், பாதி தெருவில்தான் தெரிந்தது, திரும்பப் போக நேரமில்லை, நிழல் கண்ட இடமெல்லாம் தாவித் தாவிப் போகிறேன், கோட்டிக்காரி மாதிரி இருக்கும் பார்க்கிறவர்களுக்கு. என்ன பேசுவது? கதை, மூன்று நிமிசம், கடைசியில் ஒரு காரியம். ராசகிளியிடம் என்ன கதை சொல்ல? என் கதையெல்லாம் அவள்தானே பக்கத்தில் இருந்து பார்த்தாள், வாந்தி எடுத்த சட்டி கழுவினது அவள், முடி கொட்டினதை அள்ளிப் போட்டது அவள். அவளுக்குத் தெரியாததா. தெரிந்ததுதானே பயமே.

கதவு திறந்துதான் கிடந்தது. கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் சொளகு, கை ஓடிக்கொண்டிருந்தது, தூள் நெடி வாசல் வரைக்கும். நிமிர்ந்து பார்த்தாள், என் கையில் தாளைப் பார்த்தாள், கை நிற்கவில்லை. "மைனி, நான் வரல. கோவிக்காத." எதுக்கு வரல? "கையெழுத்துப் போட மாட்டேன்." பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். இரண்டு கோட்டையும் பார்த்தாள், என் பேரைப் பார்த்தாள். "உன் கார்டப் புடுங்கிட்டாவன்னா?" புடுங்கட்டும். "அப்பமும் வர முடியாது. இன்னும் கெடக்கு பாரு இலை. ரெண்டு மணிக்கு ஒப்படைக்காட்டா அடுத்த வாரம் இலை கெடையாது, அந்தக் கணக்கப்பிள்ளைக்கு வாயத் தொறந்தா வசவு." அதுக்கில்ல, நீ பயப்படுத என்றேன். கை நின்றது. "ஆமா, பயப்படுதேன். உனக்குப் பாத்தேன்லா நான்? எனக்கு யாரு சட்டி கழுவுவா? அவரு கேரளாவுல கெடக்காரு, மக ஹாஸ்டல்ல கெடக்கா. இது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும், வலிக்கவா செய்யுது?" வலிக்காதுளா, எனக்கும் வலிக்கல, வலிக்காததுதான் மோசம், குழாயடியில வச்சே சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டுட்டேன், நீ வையி, வாய்க்கு வந்தபடி வையி, ஆனா எந்திரி என்றேன். கத்தினேன் போலிருக்கிறது, எதிர்வீட்டில் இலை வெட்டுகிற கத்தரிச் சத்தம் நின்றது. சட்டி நான் கழுவுதேன், வேற யாரு கழுவுவா என்றேன். சொளகைக் குடு.

"கைய வச்சிக்கிட்டா? டாக்டர் என்ன சொல்லியிருக்காரு?" குடுன்னு சொல்லுதேன்லா. "அந்த அட்டையக் கழத்தி வையி மைனி. பாத்தா சிரிப்பாவ." சிரிக்கட்டும், நீ முகத்தக் கழுவிட்டுப் போ, மேடம் நிக்கா, என் பேரச் சொன்னா நேரே உள்ள விடுவா. அவள் எழுந்து நின்றாள், தாளை வாங்கினாள், நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தாள், எடுத்தாள், திரும்பக் கையில் பிடித்துக்கொண்டாள். வாசல் வரை போய்த் திரும்பி வந்து அடுப்பை அணைத்தாள். மறுபடி போய்த் திரும்பி வந்து, "தூளக் கம்மியா வையி, போன வாரம் கூடுதல்னு தள்ளிட்டான்" என்றாள். போனாள்.

இரண்டு வருசம். விரலுக்கு மறக்கவில்லை என்று நினைத்தேன். வலது கை ஞாபகமாகத்தான் இருக்கிறது, இடது கைதான் உறைக்குள் கட்டை மாதிரிக் கிடக்கிறது, இலையைப் பிடித்தால் நழுவுகிறது. ஒன்று சுற்றினேன். இன்னொன்று. இது யாருக்குப் போகும்? ரயிலில் ஏறி எந்த ஊருக்கு, எந்தத் தொண்டைக்கு? பீடி வேண்டாம் என்று சொல்ல நாடா மாட்டிக்கொண்டவள் அந்த நாடா சொளகில் விழாமல் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு பீடி சுற்றுகிறேன். அண்ணே, ஆறுமுகநயினார் அண்ணே, வீட்டு வேலை இதுதான். நீங்க பார்த்தால் என்ன சொல்வீங்களோ. ஒருத்தியை எழுப்பி அனுப்ப வேறு வழி எனக்குத் தெரியவில்லை அண்ணே, தெரிந்தவர்கள் சனிக்கிழமையில் வண்டி அனுப்புகிறார்கள். மூன்றாவது. நாலாவது. உறைக்குள் கை விம்முகிறது, நகக்கண் வரைக்கும் துடிக்கிறது. மிஷின் வலிக்கும், தட்டுக்கு நடுவே வைத்து அழுத்துவார்கள், அதைச் சொல்லாமல் விட்டேன், பயந்து பாதியில் ஓடி வந்துவிடுவாளோ. பன்னிரண்டே கால். ஐந்து நிமிச வேலை என்று கோமுவிடம் சொன்னேன், ஐந்து நிமிசமா ஆகிறது? கட்டி உள்ளவளுக்கு நேரம் ஆகும். திரும்பத் திரும்ப எடுப்பார்கள். டாக்டரம்மா நர்சைப் பார்ப்பாள், நர்ஸ் நம்மைப் பார்க்காமல் வேறெங்கோ பார்ப்பாள். பன்னிரண்டரை. ஒன்றும் இல்லையென்றால் சும்மா அனுப்பிவிடுவார்கள், ஏதாவது இருந்தால்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு. சீட்டு இல்லாமல் வர வேண்டும். பீடியில் நூல் அறுந்துவிட்டது. சவத்து நூல்.

ஒரு மணி அடித்துச் செத்த நேரத்தில் வண்டி போகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் வந்தாள், என் செருப்பை ஒரு கையில் தூக்கிக்கொண்டு. மறு கையில் சீட்டு. சீட்டைப் பார்த்துவிட்டேன். செருப்பை வாசலில் போட்டாள், சீட்டை அரிசிப் பானைக்கு அடியில் வைத்தாள், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "வியாழக்கெழம திருநெல்வேலிக்கு வரச் சொல்லுதாவ. ஊசி போட்டுக் கட்டியில கொஞ்சம் எடுத்துப் பாக்கணுமாம். அந்த மேடம் பொண்ணு என் கையப் புடிச்சிக்கிட்டே நின்னுச்சு." சொல்லிவிட்டுச் சொளகை இழுத்துத் தன் மடியில் வைத்தாள். நான் சுற்றி வைத்ததில் ஒன்றை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். "என்ன மைனி இது? பீடியா, கொழுக்கட்டையா? இதக் கொண்டுபோனா அந்தாளு மூஞ்சியில எறிவான்." எனக்கு அழுகை வந்துவிட்டது, சிரிப்பும் வந்தது. அவள் இரண்டும் செய்யவில்லை. நான் சுற்றியதை ஒவ்வொன்றாகப் பிரித்தாள், நூலை வீசினாள், தூளைச் சொளகில் தட்டினாள், கிழியாத இலையைத் திரும்ப எடுத்து மளமளவென்று சுருட்டி மடக்கினாள், ஒரு கண் சுவர்க்கடிகாரத்தில். பாதிக்கு மேல் அப்படிப் பிரித்துப் போட்டாள். இவ்வளவு நேரமும் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"வியாழக்கெழம காலையில மொத பஸ்ஸு எத்தன மணிக்கு மைனி?" என்றாள்.